கடல் பார்த்த மஞ்சள் சுவர்

நார்வேயின் வடகோடியில் இருக்கும் எங்கள் தீவில் தபால் கொடுப்பவள் ரன்வெய்க். தபாலோடு ஊர்ச் செய்தியும் இலவசம். காலையில் வடக்கு முனையில் யாராவது தும்மினால், மதியத்துக்குள் தெற்கு முனையில் நலம் விசாரிப்பார்கள்.

அவளுக்கு நிறப் பைத்தியம். நவம்பரில் போகிற சூரியன் ஜனவரியில்தான் எங்களுக்கு முகம் காட்டும். அத்தனை நாளும் ஒரு கையில் சிவப்பு, மறு கையில் பச்சை என்று கையுறை மாட்டிக்கொண்டுதான் கதவைத் தட்டுவாள். நாற்காலிக்கு ஒரு நிறம், படிக்கு ஒரு நிறம் என்று பெயிண்ட் வாங்கியே என் கடையை வாழவைத்தவள். அவள் புருஷன் அஸ்லாக் மீன்பிடிக்காரன். அவள் கேட்ட எல்லாவற்றுக்கும் தலையாட்டினான், ஒன்றைத் தவிர. வீட்டை நீலமாக்க வேண்டும் என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷமும் அவன் கடுகு மஞ்சளையே அடித்தான். காரணம் கேட்டால் புகைக்குழாயைப் பற்றவைத்துக்கொள்வான்.

அவன் காலமாகி இரண்டு வருஷம் கழித்து, ஒரு ஜூன் மாதம், ஆறு டின் நீலம் வாங்கிப் போனாள். தானே ஏணி வைத்து அடித்தாள். முடித்த அன்று மூக்கில் நீலக் கறையோடு கடைக்கு வந்து, "இப்பத்தான் அது என் வீடு மாதிரி இருக்கு," என்றாள். அந்த ஆறு டின்னை விற்றிருக்கவே கூடாது என்று தோன்றியது எனக்கு. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

மறுநாள் படகு கட்டும் ஹால்வர் அவள் வீட்டுக்குப் போனான். நீலம் சீக்கிரம் வெளுத்துவிடும் என்று அக்கறையாகச் சொல்லி, மூன்று வாஃபிள் தின்றுவிட்டு வந்தான். அடுத்து பள்ளிக்கூட வாத்தியார் ஈவர். மஞ்சள் அஸ்லாக்கின் நினைவாச்சே என்று மூக்கைச் சிந்தினான். ஞாயிறன்று பாதிரியார். மஞ்சள் மனசுக்கு வெளிச்சம் என்று அவர் ஆரம்பிக்க, ரன்வெய்க்குக்குப் பொறுமை போய்விட்டது.

"வெளிச்சத்தை விடுங்க, பாதிரியாரே. என் சுவர்ல உங்களுக்கு என்ன வேலை? உண்மையச் சொல்லுங்க."

பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர். கடலில் ஓரிடத்தில் மஞ்சள் சுவருக்கு நேர் மேலே தேவாலயக் கோபுரம் வந்து நிற்கும், தெற்கே பறவைப் பாறை கரைக்குப் பின்னால் மறையும், அந்த அடையாளத்தில் தூண்டில் போட்டால் காட் மீன் அள்ளலாம் என்று சொல்லிவிட்டார். யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு அஸ்லாக் தனக்கு மட்டும் சொன்ன ரகசியமாம்.

ஹால்வருக்கும் 'மட்டும்'தான் சொல்லியிருந்தான். ஈவருக்கும். எனக்கும். அங்கே இன்னொரு படகைக் கண்டால் உடனே தூண்டிலைச் சுருட்டிவிட்டு, இன்ஜினைக் குடைவது போல் நடிப்போம். அந்த இடத்தில் மற்றவர்கள் இன்ஜின் ஏன் இப்படிப் பழுதாகிறது என்று ஆளாளுக்கு வருஷக்கணக்கில் வியந்திருக்கிறோம்.

மூன்று பேர் அடுத்தடுத்து வந்த காரணம் ரன்வெய்க்குக்குப் புரிந்துவிட்டது, ஆனால் அவள் சிரிக்கவில்லை. நேரே என் கடைக்கு வந்தாள்.

"ஊருக்கெல்லாம் சொன்ன மனுஷன் எங்கிட்ட ஏன் சொல்லல?" என்றாள்.

"உங்கிட்ட சொன்னா தபாலோட சேர்ந்து போயிடும்னு பயந்தான். அதையும் அவனேதான் சொன்னான்," என்றேன்.

என்னை முறைத்தாள். பிறகு, அங்கே கூட்டிக்கொண்டு போ என்றாள்.

குத்துமதிப்பாகத்தான் படகை ஓட்டினேன். நிறுத்தித் திரும்பிப் பார்த்தால் கோபுரம் இருந்தது. வெள்ளை வீடுகளும் சிவப்புப் படகுக் கொட்டகைகளும் இருந்தன. அவள் வீடு மட்டும் மலையின் நீலத்தில் கரைந்து போயிருந்தது. எவ்வளவு தேடியும் அவளுக்கே அகப்படவில்லை.

"இருபத்தெட்டு வருஷம் இங்க உக்காந்து என் வீட்டையே பாத்துட்டு இருந்திருக்கான்," என்றாள். "இப்ப இங்கேருந்து பாத்தா நான் இல்லவே இல்ல."

தூண்டிலில் ஒன்றும் விழவில்லை. கரை சேர்ந்ததும் ஒரு டின் மஞ்சள் வாங்கினாள். மூன்று பக்கமும் நீலம் அப்படியே இருக்க, கடல் பார்த்த சுவர் மட்டும் மஞ்சளானது. அஸ்லாக்குக்காகவா என்று கேட்டேன்.

"அவன் கிடக்கான். நான் மீன் பிடிக்கப் போறேன்ல, என் வீடு எனக்குத் தெரிய வேணாமா?"

ஆனாலும் அந்த ஒரு சுவரை அடிக்க மூன்று நாள் எடுத்துக்கொண்டாள்.

இப்போது சனிக்கிழமைதோறும் அவனுடைய படகை எடுத்துக்கொண்டு போய், சிவப்பும் பச்சையுமான கையுறைகளோடு, சரியாக அந்த இடத்தில் உட்கார்ந்து தூண்டில் போடுகிறாள். யார் வந்தாலும் சுருட்டுவதில்லை, கையாட்டிக் கூப்பிடுகிறாள். போன வாரம் அங்கே ஐந்து படகுகள் நின்றன. ஒருவர் இன்ஜினும் பழுதாகவில்லை.