மிட்டாய் பாட்டிலுக்குள் ஒரு கண்மாய்

புதுமழையில் நிறைந்த கண்மாய்த் தண்ணீருக்கு நனைந்த சிலேட்டும் நசுக்கிய கோரைப்புல்லும் கலந்தது போல ஒரு வாசனை உண்டு. நான் எட்டாம் வகுப்புப் படித்த ஆண்டு, ஐப்பசி முழுக்க அந்த வாசனை எங்கள் அடுப்படி ஜன்னலில் இருந்தது. திருமங்கலத்தில் எங்கள் பள்ளியின் அறிவியல் கண்காட்சியில் எனக்கு வந்த தலைப்பு உணவுச் சங்கிலி. மற்ற பிள்ளைகள் அட்டையில் புல், வெட்டுக்கிளி, தவளை, பாம்பு என்று வரைந்து அம்புக்குறி போட்டுக்கொண்டிருக்க, நான் எல்லாவற்றையும் உயிரோடு காட்டிவிடுவது என்று முடிவுசெய்து, பெட்டிக்கடையில் கெஞ்சி வாங்கிய அகலவாய் "மிட்டாய் பாட்டிலில்" கண்மாய்ச் சேறு, ஒரு கைப்பிடிப் பாசி, நாலு நத்தை, பத்துப் பன்னிரண்டு தலைப்பிரட்டைகள் என்று அள்ளிக்கொண்டு வந்தேன்.

கப்பலூரில் ஒரு கம்பெனிக்கு பாக்கிங் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த அம்மாவுக்கு அதைக் கண்டதுமே ஆகவில்லை. முந்தின வருஷம்தான் என் தங்கை மீனா கொசுக் காய்ச்சலில் பத்து நாள் மதுரை ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்து வந்திருந்தாள். "அம்புட்டுப் பட்டும் புத்தி வரலையா? கொசுவ வீட்டுக்குள்ளயே வளக்கப் போறியா? ஒரே ஒரு புழுவப் பாத்தேன், பாட்டிலோட சாக்கடையில கொட்டிருவேன், பாத்துக்க" என்றாள்.

மூன்றாம் நாள், சேற்றுக்குள்ளிருந்து நான் அள்ளியதே தெரியாத ஒரு பிராணி வெளியே வந்தது. சேற்று நிறம், ஆறு கால், முகத்துக்குப் பொருந்தாத பெரிய கண்கள். கல் போல அசையாமல் இருக்கும். தலைப்பிரட்டை பக்கத்தில் வந்ததும் அதன் தாடைக்குக் கீழிருந்து கை போல ஒன்று பாய்ந்து நீண்டு மடங்கும், அவ்வளவுதான், இரை வாய்க்குள் இருக்கும். நாங்கள் அதற்குப் "பேய்ப்பூச்சி" என்று பெயர் வைத்தோம். மீனா "குண்டு" என்று கூப்பிட்டுக் கொஞ்சிய தலைப்பிரட்டையையும் அது ஒருநாள் தின்றுவிட்டது. அவள் சாயங்காலம் முழுக்க அழுதாள். எனக்கு வந்த கோபத்தில் டீ வடிகட்டியால் பேய்ப்பூச்சியைக் கோரி எடுத்து, கொல்லையில் ஒரு பழைய டம்ளரில் தண்ணீர் ஊற்றிப் போட்டு, பட்டினி கிடக்கட்டும் என்று விட்டுவிட்டேன். நீதி வழங்கிவிட்ட திருப்தி.

அதிலிருந்து ஐந்தாம் நாள் பள்ளிவிட்டு வந்தபோது மீனா பாட்டிலுக்கு முன்னால் முகம் வெளுத்து நின்றாள். "அக்கா, புழு." தண்ணீரின் மேல்மட்டத்தில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு நாலைந்து டஜன் கொசுப்புழுக்கள் நெளிந்தன. அம்மா வர அரைமணி நேரம்தான் இருந்தது. கண்காட்சியைவிட மீனாவின் கையில் அப்போதும் மறையாமலிருந்த ஊசித் தழும்புகள்தான் எனக்குப் பயத்தைக் கொடுத்தன. கொட்டிவிடத்தான் பாட்டிலைத் தூக்கினேன். கொல்லைக்குப் போனபோது டம்ளருக்குள் அது உயிரோடு இருந்தது. என்ன தோன்றியதோ, அதை மறுபடி பாட்டிலுக்குள் கவிழ்த்தேன்.

அம்மா வந்தபோது அது தின்றுகொண்டிருந்தது. புழுக்களைப் பார்த்துவிட்டு பாட்டிலை ஆவேசமாகத் தூக்கியவள், அந்தக் கை பாய்வதைக் கண்டு அப்படியே நின்றாள். ஒன்று, இன்னொன்று, இன்னொன்று. தோளிலிருந்து சாப்பாட்டுப் பையைக்கூட இறக்கவில்லை. "என்னடி இது, இம்புட்டு வேகமாத் திங்குது!" என்றவள் கொஞ்ச நேரம் கழித்து, "இன்னைக்கு ஒரு நாளு இருக்கட்டும்" என்றாள். விடிந்து பார்த்தால் ஒரு புழுகூட இல்லை. அட்டையில் போட்ட அம்புக்குறி யார் யாரைத் தின்கிறார்கள் என்று மட்டும்தான் சொல்லியது. ஒருவரை உருவி எடுத்தால் மொத்தமும் சாய்ந்துவிடும் என்பதை நான் அந்தக் கண்ணாடிக்குள்தான் கண்டேன்.

கார்த்திகை பிறந்ததும் அது தின்பதை நிறுத்தி, தண்ணீருக்கு மேலே தலையை நீட்டியபடி தவித்தது. "ஏறி வரப் பாக்குது, பிடிக்க ஒண்ணும் இல்லயே" என்று அம்மாதான் விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்கை உருவிப் பாட்டிலுக்குள் நட்டாள். மறுநாள் விடியலில் மீனா என்னை உலுக்கி எழுப்பினாள். ஈர்க்கில் ஏறி நின்ற அதன் முதுகு பிளந்து, உள்ளிருந்து ஈரமாய், வெளிறிய பச்சையில் வேறொரு உயிர் மெல்ல வந்துகொண்டிருந்தது. கசங்கிய காகிதம் போலிருந்த இறக்கைகள் நீண்டு விரிந்து கண்ணாடியாயின. "தட்டான்டி!" என்று அம்மா கிசுகிசுத்தாள். அன்று அவள் கம்பெனி பஸ்ஸை விட்டுவிட்டாள். வாலில் நூல் கட்டிப் பறக்கவிட்டு விளையாடிய எங்களுக்கு, தட்டான் தண்ணீருக்கடியிலிருந்து வருகிறது என்று அதுவரை தெரியாது. வெயில் ஏறியதும் அது ஜன்னல் கம்பிகளுக்கிடையே பறந்து போனது.

கண்காட்சிக்கு ஈர்க்கில் ஒட்டிய வெறும் கூட்டைத்தான் கொண்டுபோனேன். "பூச்சி எங்கம்மா?" என்று கேட்ட வாத்தியாரிடம் "பறந்துருச்சு சார்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். பரிசு கிடைக்கவில்லை, எனக்கு அது ஒரு பொருட்டாகவும் இல்லை.

இப்போது நான் மதுரை காளவாசலில் இருக்கிறேன். போன மாதம் அம்மாவை அழைத்துக்கொண்டு திருமங்கலம் போனபோது, நான் சேறு அள்ளிய கரை இருந்த இடத்தில் மனை பிரித்துக் கல் நட்டிருந்தார்கள். கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவந்த வரத்துக்கால்வாய் மண்ணுக்குள் போய்விட்டது. மழைக்கு முன்னால் பள்ளி மைதானத்தில் தலைக்கு மேலே ஆயிரக்கணக்கில் சுற்றிய தட்டான்களில் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. இரண்டு மனைக்கல்லுக்கு நடுவே மட்டும், லாரிச் சக்கரம் பதிந்த பள்ளத்தில் கொஞ்சம் மழைத்தண்ணீர் நின்றது. ஆட்டோவை நிறுத்தச் சொல்லி இறங்கிய அம்மா அதன் அருகில் போய், முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள்.

"இங்க வாடி. இத்துனூண்டு தண்ணியிலயும் என்னமோ ஓடுது பாரு."

நானும் போய்ப் பக்கத்தில் குனிந்தேன்.