மணியடித்தால் திரும்பாதே

பெற்ற மகளுக்குக் காது கேட்டுவிடக் கூடாது என்று ஒரு தாய் வேண்டிக்கொள்ளலாமா? இன்றுவரை எனக்குப் பதில் தெரியவில்லை. ஆனால் பெரம்பலூரில், ஒரு பள்ளிக்கூடத்து வராந்தாவில் நின்று நான் வேண்டிக்கொண்டேன்.

மகளுக்கு நான்கு வயது. பிறவியிலேயே காது மந்தம். அரசாங்கம் இலவசமாகக் காது மெஷின் கொடுக்கிறது, முகாமுக்கு வரவும் என்று கடிதம் வந்தது. மூன்று போட்டோ கேட்டிருந்தார்கள். எதற்கும் இருக்கட்டும் என்று ஆறு எடுத்துக்கொண்டு, குரும்பலூரிலிருந்து முதல் பஸ்ஸில் போனேன்.

முகாமில் மைக்கில் பெயர் கூப்பிட்டார்கள். மூன்று முறை கூப்பிட்டும் எழாதவர்களைக் குமாஸ்தா ‘வரவில்லை’ என்று எழுதிக்கொண்டே போனார். அவர் மேஜைக்கு நேர் எதிரே ஒரு பெரியவர் சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தார். அவரும் ‘வரவில்லை’.

“சார், இவங்களுக்குக் காது கேக்காதுங்களே” என்றேன்.

“அதனாலதாம்மா மைக்கு வச்சிருக்கோம்” என்றார் குமாஸ்தா.

பரிசோதனை எளிது. டாக்டர் பின்னால் நின்று மணியடிப்பார். பிள்ளை திரும்பாவிட்டால் மெஷின், திரும்பினால் கிடையாது. பிள்ளை பயப்படாமலிருக்க என்னையும் அதே பெஞ்சில் உட்காரவைத்தார்கள்.

மணி அடித்தது. மகள் திரும்பினாள். மறுபடி அடித்தார். மறுபடி திரும்பினாள். மூன்றாவது தடவை டாக்டர் மணியைத் தூக்குவதை நான் ஓரக்கண்ணால் பார்த்தேன். மணி அடிப்பதற்கு முன்பே மகள் திரும்பிவிட்டாள்.

“நல்லாவே கேக்குதேம்மா” என்று டாக்டர் பேனாவைத் திறந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

“கேக்கலைன்னு அழுவுறவங்களத்தான் இதுவரைக்கும் பாத்திருக்கேன்” என்றார் குமாஸ்தா.

வரிசையில் எங்களுக்கு அடுத்து நின்ற ஒரு விக்கிரமங்கலத்து அம்மாள்தான் காப்பாற்றினார். “அந்தப் புள்ளைக்கு ஒண்ணும் கேக்கலைங்க சார். அம்மாக்காரிதான் மணிக்கு மணி தூக்கிவாரிப் போட்டு பெஞ்சை ஆட்டுறாங்க. பெஞ்சு ஆடுனா புள்ள திரும்புது.”

உண்மைதான். வீட்டில் நான் அவளைக் கூப்பிடுவதே கட்டிலையோ பெஞ்சையோ தட்டித்தான். ஒரு தட்டு என்றால் சாப்பாடு, இரண்டு என்றால் குளியல். நானே கஷ்டப்பட்டுப் பழக்கியது.

“நீங்க வெளில போயி நில்லுங்கம்மா” என்றார் டாக்டர்.

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். திரும்பாதே, கண்ணு, திரும்பாதே. மணி அடித்தது. அவள் தன் செருப்பு வாரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுபடி அடித்தது. செருப்பேதான். “அப்பாடா!” என்று சத்தமாகவே சொல்லிவிட்டு, சொன்ன வாயைப் பொத்திக்கொண்டேன்.

சோப்புப் பெட்டி அளவில் மெஷின், அதிலிருந்து காதுக்கு ஒரு ஒயர், மார்பில் தொங்கவிட ஒரு துணிப்பை. “தூங்குற நேரம் தவிர சுவிட்சை அணைக்கக் கூடாது. ஆறு மாசத்துல கொண்டாந்து காட்டணும். பழகலைன்னா வேற புள்ளைக்குக் குடுத்துடுவோம்” என்றார் டாக்டர்.

பதினைந்தே நாளில் மகள் சுவிட்சைக் கண்டுபிடித்துவிட்டாள். ஆடு கத்தினால் கேட்கிறாள். பஸ் ஹாரனுக்குக் கைதட்டுகிறாள். நான் “சோறு” என்று வாயைத் திறந்தால், டக்கென்று அணைத்துவிடுகிறாள்.

“எனக்கு மெஷினெல்லாம் வேணாம். அந்த சுவிட்ச் மட்டும் கெடைக்குமான்னு கேட்டுப் பாரு” என்கிறார் அவள் அப்பா.

பையின் வாயைத் தைத்துவிட்டால் அவள் விரலுக்குச் சுவிட்ச் எட்டாது. இரண்டு தடவை ஊசியில் நூல் கோத்துவிட்டேன். இரண்டு தடவையும் நூலை உருவி வைத்துவிட்டேன். தைக்காமல் விட்டு, பழகவில்லை என்று மெஷினைப் பிடுங்கிக்கொண்டால் என்ன செய்வது? தைத்துவிட்டால், என் பேச்சைத் தவிர்க்க அந்தக் குழந்தைக்கு வேறு என்ன வழி இருக்கிறது? மெஷினைக் கொண்டுபோய்க் காட்டவேண்டிய முகாமுக்கு இன்னும் மூன்று மாதம்தான் இருக்கிறது. இப்படி ஒரு பிள்ளையை வளர்த்த அனுபவம் உள்ளவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்: பையைத் தைக்கட்டுமா, வேண்டாமா?