நான்காவது பச்சை

திருவாரூர் ஜவுளிக்கடையில் போன வாரம் வியர்த்து நின்றேன். ரவிக்கைத் துணிக்கு மேட்சிங் பார்க்க வீட்டில் கொடுத்தனுப்பிய புடவை நூலைத் தொலைத்துவிட்டேன். இருக்கிறதா இருக்கிறதா என்று பையிலிருந்து எடுத்து எடுத்துப் பார்த்ததில்தான் விழுந்திருக்க வேண்டும். கடைக்கார பாய் பச்சைத் துண்டுகளை இளம்பச்சையிலிருந்து கரும்பச்சை வரை வரிசையாகப் போட்டு, "எந்தப் பச்சைங்க?" என்றார்.

"நாலாவது." வாய் தானாகச் சொன்னது.

ஒன்பதாவதோடு படிப்பு என்னைக் கைவிட்ட பிறகு, வெளிநாட்டு உதவியில் நடந்த ஒரு நெல் ஆராய்ச்சித் திட்டத்தில் வேலை கிடைத்தது. வீடு வீடாக இலை வண்ண அட்டை கொடுக்க வேண்டும். சின்ன பிளாஸ்டிக் அட்டை, அதில் ஆறு பச்சை. நெல் இலையை அதன்மேல் வைத்துப் பார்த்து, நாலாவது பச்சையைவிட வெளுத்திருந்தால் யூரியா போடலாம்; இல்லாவிட்டால் மூட்டையைத் தொடக் கூடாது. இதைச் சொல்லிவிட்டு வந்திருக்கலாம். அட்டை கெட்டால் என்னைக் கேட்பார்களே! "பத்திரம்ங்க, சேறு படக்கூடாதுங்க" என்பதைத்தான் அதிகம் சொன்னேன்.

உதவியால் பயன் உண்டா என்று பார்க்க ஒரு வெள்ளைக்காரர் வருவதாகச் செய்தி வந்தது. அவர் சரியென்றால் திட்டம் நீளும், என் பிழைப்பும் நீளும். அவர் வருவதற்கு முதல் நாளே அட்டைகளைச் சரிபார்க்கக் கிளம்பினேன். குத்தகை நிலத்தில் பயிர் வைத்திருந்த ராசாத்தி அக்காவிடம் மட்டும் இல்லை.

"கன்னுக்குட்டி மென்னுடுச்சு தம்பி."

"ஐயோ! நாளைக்கு வயல் பக்கம் வந்துடாதீங்கக்கா."

"நான் வராம, ஒங்க வெள்ளைக்காரரா வந்து களை எடுப்பாரு?"

மறுநாள் வயலோரம் வெள்ளைக்காரர் முன்னால் எல்லா அட்டைகளும் பளபளவென்று வந்தன. ஒவ்வொன்றிலும் சந்தனம், குங்குமம்.

"கடைசியா எப்ப வெளியில எடுத்தீங்க?" என்று எங்கள் அதிகாரி மொழிபெயர்த்துக் கேட்டார்.

"ஆயுத பூஜைக்குங்க" என்றார் ஒரு விவசாயி, பெருமையாக. "தம்பிதான் சேறு படக்கூடாதுன்னுச்சு."

வெள்ளைக்காரர் என்னைப் பார்த்தார். நான் வாய்க்காலைப் பார்த்தேன். அங்கே எதிர்க்கரையில், வரவே கூடாத ராசாத்தி அக்கா குனிந்து ஒரு துணியை நெல் இலையோடு ஒட்டிவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லோரும் அங்கே போனார்கள்.

"அட்டை இருந்தப்பவே கடையில காட்டி, நாலாவது பச்சைக்கு ரவிக்கைத் துண்டு வாங்கி வச்சேங்க. இதைவிட வெளுத்தாத்தான் யூரியா."

வெள்ளைக்காரர் முகம் மலர்ந்துவிட்டது. யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டார். அட்டை போன பழி என் தலையில் விழப்போகிறதென்று நான் முந்திக்கொண்டேன்: "நான் இல்லைங்க."

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். "ஆமாங்க. தம்பி என்னை வயலுக்கே வரவேணாம்னுதான் சொல்லுச்சு."

அதையும் எழுதிக்கொண்டார்கள்.

அடுத்த சம்பாவுக்குத் திட்டம் இல்லை. திட்டத்தின் ஜீப் போயிற்று, அதன் பெயர் எழுதிய மஞ்சள் போர்டு போயிற்று. அக்கா காலமாகி வருஷங்கள் ஆகின்றன. அந்த வயலில் இப்போது மனைக்கற்கள். யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்க ஒருவருமில்லை. "நான்தாங்க" என்ற பதிலை மட்டும் பத்திரமாக, சேறு படாமல் வைத்திருக்கிறேன்.