பேய் கேட்ட சுடுசோறு

போன வெள்ளிக்கிழமை, எங்கள் ஊர் கோம்பையில், பக்கத்து வீட்டு மருமகளுக்குப் பேய் ஓட்டினார்கள்.

பெயர் வேண்டாமே... செல்லத்தாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓடைப்பட்டிப் பெண். மாதாமாதம் மூன்று நாள், ஊருக்கு வெளியே உள்ள விலக்குக் குடிசையில் இருந்தாக வேண்டும். கதவு கிடையாது, கிழிந்த படல்தான். ராத்திரி முழுக்க நாய்கள் சுற்றிச் சுற்றி உறுமும். கண் மூட முடியுமா? சாப்பாடு? ஒரு வேளை பழைய கஞ்சி!

"பயமும் பசியுமாக் கெடந்தா வலி ரெண்டு மடங்காவுதுக்கா. வீட்டுக்கு வந்தாலும் அடுத்த மாசத்த நெனச்சே தூக்கம் போயிருது" என்று கிணற்றடியில் அழுவாள்.

கம்பத்தில் டாக்டரிடம் காட்டலாமே, சுடுசோறாவது கொடுக்கலாமே என்று அவள் மாமியாரிடம் சொல்லிப் பார்த்தேன்.

"இதுக்கெல்லாமா டாக்டரு? வெக்கக்கேடு! நாங்கெல்லாம் அங்கன இருக்கலையா? யுத்த காலத்துல அரிசிக்கே ரேஷனு, இவளுக்குச் சுடுசோறு கேக்குதாக்கும்!"

இந்த மாதம் வலி தாங்காமல் குடிசையில் அலறியிருக்கிறாள். அந்தப் பக்கம் போனவர்கள் கேட்டுவிட்டார்கள். அவ்வளவுதான் — பேய்! தலை முழுகி வீட்டுக்கு வந்த மறுநாளே பேயோட்டும் கோடாங்கி வந்துவிட்டார். பேய் இறங்காவிட்டால் பிறந்த வீட்டோடு போக வேண்டியதுதான் என்று மாமியார் தீர்த்துச் சொல்லிவிட்டார்.

உடுக்கை முழங்கியது. கோடாங்கி அவள் கூந்தலைக் கையில் சுற்றிக்கொண்டார். உச்சிமுடியைப் பிடுங்கிப் புளியமரத்தில் அறைய, ஆணியும் சுத்தியலும் தயார். செல்லத்தாய் கதறி அழுதாள். தடுக்கப் போனேன்; என் வீட்டுக்காரர் கையைப் பிடித்து இழுத்துவிட்டார்.

"சொல்லு! ஒனக்கு என்ன வேணும்? கோழியா? சாராயமா?"

எந்தப் பேயிடமும் கோடாங்கி கேட்கிற கேள்விதான். செல்லத்தாயின் அழுகை சட்டென்று நின்றது. நிமிர்ந்து மாமியாரையே பார்த்தாள்.

"சுடுசோறு வேணும்! கருப்பட்டிக் காப்பி வேணும்! குடிசைக்குக் கதவு வேணும்! தொணைக்கு ஆள் வேணும்! நான் தூங்கணும்!"

கோடாங்கியே முழித்தார். ஆனால், கேட்டதைக் கொடுக்காமல் பேய் போகாது என்பது அவர் தொழில் விதியாயிற்றே? கூந்தலை விட்டார்.

"மாசாமாசம் தவறாமக் குடுத்துருங்க ஆத்தா."

மாமியார் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார், மருமகள் காலில்! "கேட்டதெல்லாம் தாரோம் தாயி, எங்களை விட்டுரு..."

நேற்று ஆசாரி வந்து குடிசைக்குக் கதவு போட்டுவிட்டுப் போனார். கிணற்றடியில் மெதுவாகக் கேட்டேன்: "ஏடி, அன்னிக்குப் பேசினது பேயா, நீயா?"

"கல்யாணமான நாள்லேருந்து நான் கேட்டதுதானக்கா அம்புட்டும்" என்றாள்.

மருமகள் கேட்டால் வாய்த்துடுக்கு. பேய் கேட்டால் படையல்!