கோச்சின் பெல்ட்டைப் பிடித்தவன்

"அண்ணை, உங்களுக்கு அமெரிக்கன் ஃபுட்போல் தெரியுமோ?" என்று கேட்டான் எங்கள் ஷிஃப்ட் லீடர். மெல்பர்ன் பக்கம் ட்ருகனினாவில் நாங்கள் வேலை பார்க்கிற கிடங்கின் சாப்பாட்டு அறையில் உட்கார்ந்திருந்தோம். யாழ்ப்பாணத்துப் பையன், முப்பது வயது, ஃப்ரிட்ஜுக்கு டீ-ஷர்ட் போட்ட மாதிரி இருப்பான்.

"தெரியாதுப்பா."

"கொஞ்சமும் தெரியாதோ?"

"பந்து உருண்டையா இருக்காதுன்னு தெரியும்."

"அது காணும், அவ்வளவு போதும். சனிக்கிழமை கிரவுண்டுக்கு வாங்கோ. உங்களை மாதிரி ஒராளைத்தான் தேடிக்கொண்டிருக்கிறம்."

நான் பத்தாவது ஃபெயில். இந்த நாட்டுக்கு வந்ததே என் மனைவியின் நர்ஸ் வேலை விசாவில்தான், அவளுடைய சூட்கேஸோடு சூட்கேஸாக. ஒன்றும் தெரியாது என்கிற தகுதிக்காக என்னை ஒருவர் தேடியது அதுதான் முதல் தடவை. விடுவேனா? போனேன்.

மைதானத்தில் விஷயத்தைச் சொன்னான். அவன் ஆடுகிற அணிக்கு ஒரு கோச். அமெரிக்கர், எழுபதை நெருங்குகிறவர். அங்கே சம்பளத்துக்கு ஆடுகிற பெரிய லீகில் தலைமை கோச்சாக இருந்து சாம்பியன்ஷிப் ஜெயித்த மனிதர். மனைவி மெல்பர்ன்காரர் என்பதால் ஓய்வுக்குப் பிறகு இங்கே வந்துவிட்டார். வீட்டில் சும்மா உட்கார முடியவில்லை. பகலில் டைல்ஸ் ஒட்டுகிறவர்களும் பெட்டி தூக்குகிறவர்களுமாகச் சேர்ந்து ஆடுகிற இந்த அணிக்குக் காசு வாங்காமல் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தார்.

அவருக்கு ஒரே ஒரு வியாதி. ஆட்டம் சூடுபிடித்தால் கால் ஓர் இடத்தில் நிற்காது. மைதானத்தின் ஓரத்தில் ஒரு வெள்ளைக்கோடு இருக்கிறது. கோச் அதைத் தாண்டக் கூடாது. தாண்டினால் நடுவர் மஞ்சள் துணியை வீசுவார். அபராதமாகப் பந்தை எதிரணிக்குச் சாதகமாகத் தள்ளி வைப்பார்கள். போன வருஷ இறுதி ஆட்டத்தில், ஜெயிக்கிற நேரத்தில், இவர் நடுவரைத் திட்டிக்கொண்டே கோட்டைத் தாண்டி நடு மைதானம் வரை ஓடியிருக்கிறார். அந்த அபராதத்தில் கோப்பை கைமாறிப் போனது. கிளப் கமிட்டி கண்டிப்பாகச் சொல்லிவிட்டது: பின்னாலிருந்து அவருடைய பெல்ட்டைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் இருந்தால் வரலாம், இல்லாவிட்டால் வீட்டில் இருக்கலாம். அவருக்கோ அதுதான் கடைசி சீசன். அது முடிந்ததும் மகளோடு இருக்க அமெரிக்கா திரும்புகிறார். தான் கெடுத்த கோப்பையைத் தானே வாங்கிக் கொடுத்துவிட்டுப் போகவேண்டும் என்று இருந்தார்.

"அதுக்கு ஏன்பா நான்?" என்றேன்.

"ஆக்களைப் போட்டுப் பாத்திட்டம் அண்ணை. எல்லாரும் விளையாட்டுத் தெரிஞ்ச ஆக்கள். மட்ச் சூடாகினா மனுசனை விட்டிட்டுப் பந்தைப் பாக்கிறாங்கள். உங்களுக்கு ஒண்டும் விளங்காது. அதோட நல்ல நிறையும் இருக்கு."

நிறை என்றால் எடை. என் தொப்பையை இவ்வளவு மரியாதையாக யாரும் சொன்னதில்லை.

பாயிண்ட் குக்கில் எங்கள் வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏங்க, ஊர்ல பஸ்ல தொங்குறவன இழுத்து உள்ள போட்டீங்க. இங்க வந்து கோச்சப் புடிச்சு இழுக்கப் போறீங்களா? உங்களுக்கு வேற வேலையே வராதா?"

அவள் சொன்னது சரிதான். தென்காசிப் பக்கம் ஒரு தனியார் பஸ்ஸில் நான் கண்டக்டராக இருந்தவன். டிக்கெட் கிழித்ததைவிடப் படியில் தொங்குகிற காலேஜ் பையன்களின் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்ததுதான் அதிகம். ஆக, எனக்கு அனுபவம் இருந்தது என்றுதான் சொல்லவேண்டும்.

முதல் ஆட்டத்திலேயே தெரிந்துபோயிற்று, காலேஜ் பையன்கள் தேவலாம் என்று. கோச் ஒல்லியான ஆள். ஒரு முழங்கால் வேறு சரியில்லை. ஆனால் பந்து நகர்ந்ததும் கட்டிப்போட்ட காளை மாதிரி இழுப்பார். நான் குதிகாலைப் புல்லில் ஊன்றி, பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்துப் பின்னால் சாய்வேன். வாயில் தானாகப் பழைய பல்லவி வந்தது. "உள்ள வாங்க சார்! உள்ள வாங்க!"

அவருக்குத் தமிழ் தெரியாது. எனக்கு அவர் இங்கிலீஷில் பாதிதான் புரியும், மீதியை நானே போட்டு நிரப்பிக்கொள்வேன். இங்கே அவர் தமிழில் பேசுவதெல்லாம் நான் நிரப்பியதுதான். ஆனால் "உள்ள வாங்க" மட்டும் மூன்றாவது ஆட்டத்துக்குள் அவருக்குப் பழகிவிட்டது. அதைக் கேட்டால் அரை அடி பின்னால் வருவார், முணுமுணுத்துக்கொண்டே.

பயிற்சி முடிந்ததும் ஷிஃப்ட் லீடரின் அம்மா கொடுத்துவிடுகிற மட்டன் ரோல்ஸை மூன்று பேரும் கார் டிக்கியில் உட்கார்ந்து சாப்பிடுவோம். அப்போதுதான் கோச் தன் கதையைச் சொன்னார். பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்திக்கொண்டே அந்தப் பள்ளி அணிக்குக் கோச்சாக ஆரம்பித்திருக்கிறார். அப்புறம் கல்லூரி, அப்புறம் பெரிய லீகில் உதவி கோச். ஊர் ஊராக வீடு மாற்றி, மகளுக்கு எந்த ஊர் சொந்த ஊர் என்றே தெரியாமல் போயிற்றாம். ஆபீஸ் சோஃபாவில் படுத்து, எதிரணி ஆடிய வீடியோவைப் பார்த்துப் பார்த்து, கடைசியில் தலைமை கோச்சாகி, சாம்பியன்ஷிப்பும் ஜெயித்திருக்கிறார்.

"அந்த வருஷம் ஊரே என்னைத் தூக்கிக்கிட்டுப் போச்சு. அடுத்த வருஷம் தோத்தோம். அதுக்கடுத்த வருஷமும் தோத்தோம். ஒரு நாள் காலைல என் வீட்டுப் புல்வெளியில எவனோ 'வீடு விற்பனைக்கு' போர்டை நட்டுட்டுப் போயிருந்தான். மத்தியானம் முதலாளி ஃபோன் பண்ணார். அவ்வளவுதான்."

"நீங்க என்ன சார் பண்ணீங்க?"

"போர்டைப் பிடுங்கல. எப்படியும் வீட்டை விக்கத்தானே வேணும்?"

சாம்பியன்ஷிப்புக்குக் கொடுத்த மோதிரத்தைக் காட்டினார். கல் பதித்து, எலுமிச்சம்பழம் அளவுக்கு இருந்தது. ஒரு பழைய சாக்ஸுக்குள் போட்டு வைத்திருந்தார். என் விரலில் மாட்டிப் பார்க்கச் சொன்னார். சுண்டுவிரலிலேயே பாதியில் நின்றுவிட்டது. அதைக் கழற்ற எண்ணெய் வழிகிற மட்டன் ரோல்தான் உதவியது.

அணி ஜெயித்துக்கொண்டே போனது. ஒரு தடவைகூடக் கோச் கோட்டைத் தாண்டவில்லை. ஆனால் எனக்கு ஒரு கோளாறு ஆரம்பமாயிற்று. ஆட்டம் புரிய ஆரம்பித்தது.

நான் ஒன்றும் படிக்கவில்லை, அது என் பழக்கமே இல்லை. வாராவாரம் ஒரு மனிதரின் முதுகுக்குப் பின்னால் நின்று அவர் கத்துவதைக் கேட்டால் மாட்டுக்குக்கூடப் புரியும். பந்து வைத்திருக்கிற அணிக்கு நாலு வாய்ப்பு, அதற்குள் பத்து கஜம் முன்னேறவேண்டும், இல்லாவிட்டால் பந்து மற்றவர்களுக்கு. இது தெரிந்ததும் எண்ண ஆரம்பித்துவிட்டேன். ஒரு நாள் வீட்டில் இட்லி நாலாவது தட்டுக்குப் போனபோது, "நாலாவது முயற்சி, ரிஸ்க் எடுக்கலாமா?" என்று கேட்டேன். மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஏங்க, உங்களுக்கு அந்த ஆட்டம் புரிஞ்சிடுச்சு."

"சேச்சே."

"புரிஞ்சிடுச்சுங்க. உங்க வேலை போச்சு."

மறுநாள் கிடங்கில் ஷிஃப்ட் லீடரிடம் மெதுவாகச் சொன்னேன். அவன் ஃபோர்க்லிஃப்டை நிறுத்திவிட்டான்.

"ஐயோ அண்ணை! ஃபைனலுக்கு இன்னும் ஒரு கிழமை, ஏழு நாள்தானே இருக்கு. இனி எங்க போய் விளங்காத ஆளைப் பிடிக்கிறது? கோச்சுக்குச் சொல்லிப் போடாதேங்கோ. நீங்க கோச்சின்ர கழுத்தை மட்டும் பாருங்கோ. ஆட்டத்தைப் பாக்காதேங்கோ."

இறுதி ஆட்டத்தன்று அப்படித்தான் பார்த்தேன். கோச்சின் கழுத்தில் என்னென்ன மச்சம் இருக்கிறது என்று இன்றைக்கும் வரைந்து காட்டுவேன். காற்று ஊசி மாதிரி குத்தியது. நாங்கள் நாலு புள்ளி முன்னால் இருந்தோம். ஆட்டம் முடியப்போகிறது. பந்து எதிரணியிடம், எங்கள் எல்லைக்குப் பக்கத்தில், அவர்களுக்குக் கடைசி முயற்சி. பந்தை எல்லைக்குள் கொண்டுபோனால் கோப்பை அவர்களுக்கு. தடுத்தால் எங்களுக்கு. போன வருஷம் கோச் ஓடியது சரியாக இந்த மாதிரி நேரத்தில்தான்.

பெல்ட் இறுகியது. நானும் சாய்ந்து இழுத்தேன். "உள்ள வாங்க சார், உள்ள வாங்க!" கூட்டம் ஓ என்று கத்தியது. என் கண் கழுத்திலிருந்து ஒரு விநாடி நழுவியது. எங்கள் ஷிஃப்ட் லீடர் நடுவில் இரண்டு பேரை முட்டித் தள்ளிக்கொண்டிருந்தான். ஆனால் தொலைவில், இடது ஓரத்தில், அவர்களுடைய நெட்டை ஆள் ஒருவன் தனியாக நின்றான். பக்கத்தில் நம் ஆள் ஒருத்தன்கூட இல்லை.

"டேய் லெஃப்ட்டு! லெஃப்ட்டு ஓரம் பாருங்கடா!"

அது என் குரல்தான். கையில் பெல்ட் இல்லை. என் கால் கோட்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. கோச்சாக இருந்தால் என்ன, பெல்ட் பிடிக்கிறவனாக இருந்தால் என்ன, நம் பக்கத்து ஆள் எவன் தாண்டினாலும் அந்த மஞ்சள் துணி விழும்.

கோட்டுக்கு ஒரு ஜாண் இருக்கும்போது சட்டைக் காலர் என் கழுத்தை நெரித்தது. யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுத்தார்கள். தடுமாறி இரண்டடி பின்னால் வந்து புல்லில் உட்கார்ந்தேன். காதுக்குப் பக்கத்தில் அமெரிக்க உச்சரிப்பில் கேட்டது.

"உள்ள வாங்க!"

திரும்பிப் பார்த்தால் கோச். என் காலரை விடாமல், தன் நல்ல காலைப் புல்லில் ஊன்றி, நான் சாய்கிற அதே மாதிரி சாய்ந்திருந்தார். கோடு எங்களுக்கு மூன்றடி முன்னால் கிடந்தது.

பந்து அந்த நெட்டை ஆளிடம்தான் போயிருக்கிறது. அவன் கையில் பட்டு நழுவி விழுந்துவிட்டதாம். அதை நான் பார்க்கவில்லை, கோச்சும் பார்க்கவில்லை. கூட்டத்தின் சத்தத்தை வைத்துத்தான் ஜெயித்தது தெரிந்தது. அவர் காலரை விட்டுவிட்டு என் பக்கத்தில் மெதுவாக உட்கார்ந்தார், முழங்காலைப் பிடித்துக்கொண்டு.

"இவ்வளவு வருஷத்துல கடைசிப் பந்தைப் பார்க்காம ஜெயிச்சது இதுதான் மொத தடவை," என்றார்.

"ஸாரி சார்."

"எப்ப இருந்து ஆட்டம் புரியுது?"

"அரையிறுதியில இருந்து."

"எனக்கு அப்பவே தெரியும். நான் கத்தறதுக்கு முந்தி நீ இழுக்க ஆரம்பிச்சிட்டே."

அடுத்த மாதம் அவர் அமெரிக்கா போய்விட்டார். கோப்பை கிளப்பின் கண்ணாடி அலமாரியில் இருக்கிறது.

புது கோச்சும் அதே சாதி, கோட்டில் நிற்கமாட்டேன் என்கிறார். கமிட்டி என்னைக் கூப்பிட்டது. எனக்கு ஆட்டம் தெரிந்துவிட்டது, இனிமேல் லாயக்கில்லை என்று சொல்லிவிட்டேன். சரி, ஒன்றும் தெரியாத ஆள் ஒருவரைக் கொண்டு வா என்றார்கள். பாயிண்ட் குக்கில் ஒரு பிறந்தநாள் பார்ட்டிக்குப் போயிருந்தபோது, வாட்டசாட்டமான ஐடி ஆள் ஒருவரிடம் கேட்டேன், அமெரிக்கன் ஃபுட்பால் தெரியுமா என்று. கேக் வெட்டி முடிகிறவரை எனக்கு அந்த ஆட்டத்தை விளக்கினார். எல்லாமே தப்பு. ஆனாலும் 'தெரியாது' என்று மட்டும் அவர் சொல்லவே இல்லை. அதற்குப் பிறகு நாலைந்து பேரைக் கேட்டுவிட்டேன். இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.