நொண்டாத வண்டி

2025 பிப்ரவரி 11, செவ்வாய்க்கிழமை. எனக்கு வார ஓய்வு. ஐந்து மணிக்கு எழுந்து பூத்தில் பால் வாங்கி வந்தேன். அனல்மின் நிலையத்திலிருந்து வந்து வாசலில் இரவு படிந்திருந்த சாம்பல் தூசியைக் கூட்டித் தண்ணீர் தெளித்தேன். மகனுக்குச் சவரம் செய்துவிட்டேன். வலது கன்னத்தில் தொடங்கினால்தான் இடது கன்னத்தைக் காட்டுவான். இட்லிகளை ஒன்றோடொன்று தொடாமல் தட்டில் வைத்தேன். அவன் சாப்பிட்டு முடித்ததும் வண்டியைத் துடைத்து எடுத்துக்கொண்டு மெக்கானிக்கைப் பார்க்க வடக்குத்துக்குக் கிளம்பினேன்.

மகனுக்கு இருபத்து மூன்று வயது. பேச்சு வரவில்லை. பஸ் ஏற மாட்டான். ஆட்டோவைக் கண்டால் தரையில் உட்கார்ந்துவிடுவான். அவன் ஏறுவது என் மோட்டார் சைக்கிளில் மட்டும். நாளுக்கு ஒரு முறை, என் ஷிப்டுக்கு ஏற்றபடி காலையிலோ மாலையிலோ, அவனைப் பின்னால் வைத்துக்கொண்டு டவுன்ஷிப் முகப்பிலுள்ள ஆர்ச் கேட் வரை போய்த் திரும்புவேன். ஏறி உட்கார்ந்ததும் என் தோளில் இரண்டு முறை தட்டுவான். போகலாம் என்று அர்த்தம். அவன் எனக்குச் சொல்லும் ஒரே சொல் அது. சுற்றி வந்த நாளில் சாப்பிடுவான், தூங்குவான். மழை பிடித்துப் போக முடியாத நாட்களில் சுவரில் தலையை முட்டிக்கொள்வான்.

வண்டி பழைய டூ ஸ்ட்ரோக். இரண்டு சிலிண்டர், இரண்டு கார்பரேட்டர், பக்கத்துக்கு ஒரு சைலன்சர். இரண்டு சைலன்சரும் உள்ளே துருப்பிடித்து இற்றுப்போயிருந்தன. போன மாதம் பின்னால் உட்காருபவர் கால் வைக்கும் இடத்தருகே ஓட்டை விழுந்து, சூடான புகை பட்டு மகனின் குதிகால் சிவந்துவிட்டது. கம்பெனி சைலன்சர் இப்போது கிடைப்பதில்லை. அந்த மாடலுக்கென்று வெளியில் செய்து விற்கும் ஸ்டீல் சைலன்சர் ஒரு ஜோடி வரவழைத்திருந்தேன்.

வடக்குத்து மெக்கானிக் பழைய சைலன்சரைக் கழற்றி ஒரு கையால் அழுத்தினார். நொறுங்கியது.

"பாருங்க சார். சைலன்சரா இது? அப்பளம். இத வச்சிக்கினா இத்தினி நாளு ஓட்டினீங்க?"

புதியவற்றை மாட்டினோம். அவற்றில் புகை தடையில்லாமல் போகும். அதற்கேற்ப பெட்ரோலும் கூடுதலாக வர வேண்டும். இரண்டு கார்பரேட்டரிலும் பெட்ரோல் வரும் துளையான ஜெட்டை ஓர் அளவு பெரிதாக்கினோம். ஒரு ரவுண்டு ஓட்டி, பிளக்கைக் கழற்றிப் பார்த்தோம். இரண்டும் பிஸ்கட் நிறத்தில் இருந்தன; அளவு சரி என்று அர்த்தம். அவ்வளவோடு நிறுத்தியிருக்கலாம்.

பல வருடங்களாக இடது கார்பரேட்டர் வலதை விடக் கொஞ்சம் பிந்தியே திறந்துகொண்டிருந்தது. வண்டி நிற்கும்போது, ஒரு கால் குட்டையானவர் நடப்பதுபோல் அதன் சத்தம் நொண்டும். மைன்ஸில் நிலக்கரி கொண்டுபோகும் கன்வேயர் பராமரிப்பில் இருப்பவன் நான். ஓர் உருளை பிசகி ஓடினாலும் எனக்குக் காது உறுத்தும். என் வண்டி மட்டும் பிசகி ஓடுவது எனக்கு அவமானமாக இருந்தது. இன்றைக்கு அதையும் சரிசெய்துவிடலாம் என்றேன்.

மெக்கானிக் இரண்டு சைலன்சர் வாயிலும் உள்ளங்கையைக் காட்டிக்கொண்டு குந்தியிருந்தார். நான் இடது கார்பரேட்டரின் கேபிள் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினேன்.

"போதும் சார். இதுக்கு மேல பாத்தா வண்டிக்கு ஜாதகந்தான் எழுதணும்."

"இன்னும் கால் சுற்று."

"எப்பா! டூட்டியிலயும் இப்பிடித்தானா? ஒங்க கீழ வேல செய்யறவன் பாவம் சார்." கையை எடுக்காமலே தலையாட்டினார். "ஆனா இப்ப கேளுங்க. ரெண்டும் ஒண்ணா மூச்சு வுடுது."

உண்மைதான். அப்படி ஒரு சீரான சத்தத்தை அந்த வண்டியில் நான் கேட்டதில்லை. சந்தோஷமாக வீட்டுக்கு வந்தேன்.

மாலை ஐந்தரைக்கு மகன் வழக்கம்போல் கேட்டருகே வந்து நின்றான். வண்டியைக் கிளப்பி அவன் பக்கத்தில் நிறுத்தினேன். என்னைப் பார்த்தான். வண்டியைப் பார்த்தான். பிறகு தலையைத் திருப்பித் தெரு முனையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"ஏறுப்பா. அப்பா ரெடியா நிக்கிறாரு பாரு" என்றாள் மனைவி.

அவன் தெரு முனையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. இது வேறு வண்டி என்பதுபோல், என் வண்டி வரட்டும் என்று காத்திருந்தான்.

இன்ஜினை நிறுத்திவிட்டு அவன் கையைப் பிடித்தேன். ஏறி உட்கார்ந்தான். கிக்கரை உதைத்தேன். சத்தம் வந்ததும் இறங்கிவிட்டான். மறுபடியும் அதே. மூன்றாவது முறை கையை உதறிக்கொண்டு வீட்டுக்குள் போனான். எதிர் குவார்ட்டர்ஸ்காரர் வாசலில் நின்று, "சூப்பர் சார்! புது வண்டி மாதிரியே இருக்கு" என்றார்.

உள்ளே மகன் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, உதடுகளை அதிரவிட்டுக்கொண்டிருந்தான். நீளமாக ஒன்று, குட்டையாக ஒன்று. மறுபடி நீளம், குட்டை. வலது சிலிண்டர், பிந்தி வரும் இடது. உடம்பும் அதற்கேற்ப ஆடியது. வண்டியில் அவன் என் முதுகுக்குப் பின்னால் அப்படி ஆடுவான். ரோட்டின் குலுக்கல் என்று நினைத்திருந்தேன்.

மனைவிக்கும் புரிந்துவிட்டது. "சைலன்சர மாத்தத்தானங்க போனீங்க? நொண்டறத யாரு சரிபண்ணச் சொன்னா?"

"ஒழுங்காத்தானே ஆக்கினேன்."

"ஆமா, ஒழுங்குதான். யாருக்கு?"

வெளியே வந்து இடது கேபிளைத் தளர்த்தினேன். வண்டி நொண்டியது. ஆனால் குரல் வேறு. பழையதில் இருந்த அடித்தொண்டைக் கரகரப்பு புது ஸ்டீலில் இல்லை. இன்னும் தளர்த்தினேன். உள்ளே உதட்டுச் சத்தம் நின்றது. மகன் வாசற்படியில் வந்து நின்றான். தலையைச் சாய்த்துக் கேட்டான். நான் ஆக்சிலேட்டரைப் பிடித்த கையை அசைக்காமல் இருந்தேன். ஒரு நிமிடம் இருக்கும். இரண்டு காதையும் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

மெக்கானிக்கைக் கைபேசியில் கூப்பிட்டு, பழைய சைலன்சர் இருக்கிறதா என்று கேட்டேன்.

"பழசா? அத மிதிச்சி சப்பையாக்கி அப்பவே ட்ரம்முல போட்டேன் சார். மத்தியானமே பழைய இரும்புக்காரன் அள்ளிக்கினு போயிட்டான். ஏன் சார், புதுசுல எதுனா லீக்கா?"

"லீக் இல்ல. நல்லா இருக்கு" என்றேன்.

இருட்டியதும் சுவரில் முட்டும் சத்தம் தொடங்கியது. தலையணையை வைத்தோம். அதைத் தள்ளிவிட்டான். சுவருக்கும் அவன் தலைக்கும் நடுவில் என் கையை வைத்துக்கொண்டேன். மனைவி அந்தப் பக்கம் உட்கார்ந்து அவன் முதுகைத் தடவினாள். எங்களுக்குப் பிறகு இவன் யாரோடு வெளியே போவான் என்பதை நாங்கள் இருவரும் பேசுவதில்லை. இப்போது நாங்கள் இருக்கும்போதே அவன் வெளியே போக வழியில்லை. ஒரு கதவுதான் இருந்தது. அதை யாரும் வந்து அடைக்கவில்லை. நானே சைலன்சரை மாற்றி, கால் கால் சுற்றாகத் திருகி அடைத்துவிட்டு வந்திருக்கிறேன். பழகிவிடுவான் என்று மனைவி சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. இட்லி தொட்டுக்கொண்டால் தட்டையே தொடாதவன் அவன்.

மறுநாள் எனக்கு இரண்டாம் ஷிப்ட். காலையில் பால் வாங்கப் போகவில்லை. முதல் வேலையாக வண்டியை வெளியே கொண்டுவந்து, சாவி போடாமல், மகனை அழைத்தேன். வந்தான். ஏறி உட்கார்ந்தான். நான் பக்கத்தில் நின்று ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டேன். என் தோளில் இரண்டு முறை தட்டினான். தெரு முனையை நோக்கித் தள்ளத் தொடங்கினேன். கொஞ்ச தூரம் போனதும் மறுபடி இரண்டு முறை தட்டினான். நான் தள்ளிக்கொண்டே போனேன்.