எல்லம்மாளின் இருமல்

திருவண்ணாமலையை ஒட்டிய அடி அண்ணாமலை கிராமத்துக் கோதண்டராமனுக்கு சர்க்கரை நோய் வந்து வெகுநாள் ஆகிறது. மாத்திரையை ஒழுங்காக விழுங்குவார். காபியில் சர்க்கரையைக்கூட விட்டுவிட்டார். பௌர்ணமிதோறும் வெறுங்காலில் மலை சுற்றுவதை விடச் சொன்னால் மட்டும் கோபம் பொத்துக்கொண்டு வரும். காலுக்கென்று ஆஸ்பத்திரியில் கொடுத்த மெத்தைச் செருப்பு பரணில் கிடந்தது. செருப்போடு கிரிவலமா? அதற்கு பஸ்ஸிலேயே சுற்றிவிடலாமே என்பார்.

வீடு தேடி வரும் நர்ஸ் அருணாதேவி லேசுப்பட்ட ஆள் இல்லை. காலில் உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்க, கண்ணை மூடச் சொல்லி, நைலான் இழையால் பாதத்தைத் தொடுவாள். தொடும்போதெல்லாம் "படுது" என்று சொல்ல வேண்டும். போன தடவை அவள் இழையைப் பையிலிருந்து எடுப்பதற்குள்ளேயே இவர் "படுது, படுது" என்று சொல்லித் தொலைத்தார்.

"அடுத்த தடவையும் இப்படின்னா மலை சுத்தவே கூடாதுங்கய்யா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நாளைக்குப் பௌர்ணமி. இன்றைக்கு சிஸ்டர் வருகிறாள். கோதண்டராமன் மனைவியைக் கூப்பிட்டார்.

"அவங்க பின்னாடி நின்னுக்கோ. நூலு படறப்பல்லாம் லேசா இருமு. ஜாஸ்தியா இருமிடாத, உனக்கும் டெஸ்ட் எடுத்துடுவாங்க."

எல்லம்மாளுக்கு இதில் இஷ்டமே இல்லை. ஆனால் மலை சுற்றாமல் வீட்டில் உட்கார்ந்தால் மனுஷன் நாள் முழுக்கக் குழம்பில் குற்றம் கண்டுபிடிப்பார். ஒப்புக்கொண்டாள்.

காரியம் ஜோராகத்தான் ஆரம்பித்தது. வலது கால் முழுக்க இருமல், "படுது", இருமல், "படுது".

"பரவால்லையே!" என்று சிஸ்டர் இடது காலைத் தூக்கினாள்.

இருமலைக் காணோம். கோதண்டராமன் மூடிய கண்ணோடு சிரித்தபடி காத்திருந்தார். தொண்டையைக் கனைத்து ஞாபகப்படுத்திப் பார்த்தார். தூங்கிவிட்டாளா?

"என்னா சிஸ்டர், இந்தக் கால் இன்னும் ஆரம்பிக்கலையா?"

கண்ணைத் திறந்தார். அருணாதேவியின் இடுக்கியில் நீளமாக ஒரு வேலமுள். நுனியில் ரத்தம்.

"அடடா, யாரு கால்ல இருந்துச்சு?" என்றார் அக்கறையாக.

எல்லம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "உங்க கால்லதாங்க. புடுங்கறப்பகூட சிரிச்சிக்கினு இருந்தீங்களே!"

கோதண்டராமனுக்கு முதல் தடவையாகப் பயம் வந்தது. சிஸ்டர் மருந்து வைத்துக் கட்டுவதைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"புண்ணு ஆறாம வெளியில நடக்காதீங்க" என்றாள் அருணாதேவி. கிளம்பும்போது திரும்பிப் பார்த்தாள். "அம்மாவுக்கு இருமல் நின்னுடுச்சு போல?"

அவள் வண்டி போன பிறகு கோதண்டராமன் மெதுவாகக் கேட்டார்.

"எல்லம்மா, அடுத்த பௌர்ணமிக்கு வேணும், பரண்ல கெடந்த செருப்பு இருக்குதா, எலி கடிச்சுடுச்சா?"

எல்லம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.